வான்கோழித் துப்பாக்கிக்கு சைட் வாங்க அபுதாபி போனோம்

ஜெனிஷா, பிரின்ஸ், போன வாரம் நாலு நாள் அப்பா வீடியோ காலில் வரவில்லை என்று அம்மாவிடம் முறுக்கிக்கொண்டு இருந்தீர்களாம். அப்பா வெளிநாடு போயிருந்தேன் மக்களே. வெளிநாட்டில் இருக்கிறவன் இன்னொரு வெளிநாடு போன கதை இது. தம்மாமிலிருந்து அபுதாபிக்குக் காரில் போனோம். வான்கோழி சுடுகிற துப்பாக்கிக்குக் குறி பார்க்க மேலே மாட்டுகிற ஒரு சைட் வாங்க வேண்டும், அதுதான் காரியம்.

சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள். என் முதலாளி அபூ சாலிஹை உங்களுக்குத் தெரியும். வெள்ளைத் தாடிக்காரர், நான் பாபா என்று கூப்பிடுகிறவர். அவர் வேலையில் இருந்த காலத்தில் ராய் என்று ஒரு அமெரிக்கர் கூட வேலை பார்த்தாராம். இரண்டு பேரும் இப்போது ஓய்வு. ராய்க்கு அமெரிக்காவில் காட்டோரமாக வீடு. வருடா வருடம் ஏப்ரலில் இவரைக் கூப்பிட்டு வான்கோழி வேட்டைக்குக் கொண்டுபோவார். துப்பாக்கி ராயின் வீட்டிலேயே இருக்கிறது. போன வருடம் ஒரு சேவல் வான்கோழி முப்பது கெஜத்தில் வந்து நெஞ்சை விரித்து நின்றது. பாபா சுட்டார். அது ஒரு இறகுகூட உதிராமல் நடந்து போய்விட்டது. அன்றிலிருந்து ராய் போன் பண்ணினால் ஹலோ சொல்வதில்லை. வான்கோழி மாதிரி கொக்கரிக்கிறார்.

தப்பியது எதனால் என்று பாபா எனக்கு விளக்கியிருக்கிறார். அந்தத் துப்பாக்கியின் குழல் நுனியில் பாசிமணி மாதிரி ஒரு சின்ன மணி மட்டும்தான் உண்டு. அதை வைத்துக் குறி பார்க்கும்போது கன்னம் கட்டையோடு ஒட்டியிருக்க வேண்டும். பறவையைப் பார்க்கிற அவசரத்தில் கொஞ்சம் தலையைத் தூக்கினால் குண்டு மேலே போய்விடும். அதனால் மேலே ஒரு சைட் பொருத்தினால் நல்லது என்று ராயே சொன்னாராம். அபுதாபியில் வேட்டைச் சாமான் கண்காட்சி நடக்கிறது, எல்லா வகையும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டதும் பாபா கிளம்பிவிட்டார்.

சரி, அதற்கு டிரைவர் எதற்கு? வண்டி ஓட்ட மட்டுமில்லை. பாபாவுக்குப் போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து அவருக்குத் தன் கண்மேல் நம்பிக்கை இல்லை. மருந்துச் சீட்டு முதல் மீன் செவுள்வரை என்னைப் பார்க்கச் சொல்வார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பேரீச்சம்பழத் தட்டு வைக்கப் போனபோது மூத்த மகன் சாலிஹ் என்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. அவர்கள் பேசியது அரபி, நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"பாபா, ததேயுவுக்கு ஐம்பத்திரண்டு வயசாச்சு. அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும், கண் டெஸ்ட் இருக்கு. அதுக்கு முன்னாடியே ஒரு வாலிபப் பையனாப் பார்த்து எடுத்துக்கலாம். பிள்ளைங்க ஸ்கூல் போற வண்டியில்லையா?"

"என் கண்ணைத்தான் டாக்டர் மாத்தினார். அவன் கண்ணுல யாரும் கை வைக்க வேண்டாம். அது கழுகுக் கண்ணு" என்றார் பாபா.

நான் தட்டை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு வேலை தெரியாது. லைசென்ஸ் போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஜெனிஷா நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம் கிடக்கிறது. ஆனாலும் அன்றைக்குப் பயப்படவில்லை. கழுகுக் கண் என்று சொல்லிவிட்டாரே.

முதல் நாள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். பாபா மடியில் காவா என்கிற அரபிக் காப்பி பிளாஸ்க், பக்கத்தில் பேரீச்சம்பழம், கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. அந்தப் பெட்டியின் மூடியை உரசினால் பெட்டை வான்கோழி கூப்பிடுகிற சத்தம் வரும். வேட்டைக்காரன் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து அதை உரசினால் சேவல் தேடி வருமாம். பாபா தம்மாமில் உரசத் தொடங்கினார். பார்டர் வரும்வரை நிறுத்தவில்லை.

பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கரக் சாயாவும், முட்டையும் சிப்ஸும் உள்ளே வைத்துச் சுருட்டிய புரோட்டாவும் வாங்கினோம். புரோட்டாவுக்குள் சிப்ஸ் வைக்க முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியாது. நம் ஊரில் கேட்டால் கடைக்காரர் அடிக்க வருவார். ஆனால் நல்லாயிருக்கு மக்களே, பொய் சொல்லக்கூடாது.

"உங்க ஊர்ல வான்கோழி உண்டா?" என்று பாபா கேட்டார்.

"உண்டு பாபா. ஆனா நாங்க அதை வேட்டையாடறதில்லை. அதுதான் எங்களை வேட்டையாடும்" என்றேன். மார்த்தாள் அக்காவின் வான்கோழி பிரின்ஸை டியூஷன் வாசல்வரை துரத்திய கதையைச் சொன்னேன். பாபா சிரித்துச் சிரித்துக் காவாவை ஜிப்பாவில் கொட்டிக்கொண்டார். மன்னித்துக்கொள் பிரின்ஸ், உன் மானம் சவூதி ரோட்டில் போனது.

பார்டரில் நீளமான க்யூ. பாபாவுக்குப் பொழுது போகவில்லை, பெட்டியை உரசினார். முன்னால் நின்ற டிரெய்லரிலிருந்து ஒரு பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் இறங்கித் தன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பெல்ட் அறுகிறது என்று நினைத்திருப்பார். பாபா மறுபடி உரசினார். அவர் மறுபடி குனிந்தார். சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு வலித்தது. கஸ்டம்ஸ் கவுண்டரில் ஆபீசர், "வண்டிக்குள்ள உயிருள்ள பறவை ஏதாவது இருக்கா?" என்று முகம் சுளித்தார். பாபா பெட்டியை நீட்டினார். ஆபீசர் தானும் ஒரு முறை உரசிப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்க்காரரைக் கூப்பிட்டார். அவரும் உரசினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

அபுதாபி நெருங்கும்போது ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டேன். பச்சை போர்டு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் கிட்டே வந்த பிறகுதான் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்தன. அதற்குள் தாண்டிவிட்டோம். திரும்புவதற்குள் இருபது கிலோமீட்டர் கூடப் போனோம்.

"கழுகுக்கு இன்னிக்கு லீவா?" என்றார் பாபா.

"தூசி பாபா" என்றேன். நிறுத்தி முன்கண்ணாடியைத் துடைத்தேன். கொஞ்ச நாளாகவே அந்தி நேரத்தில் எதிரே வருகிற லைட்டுக்கெல்லாம் மீசை முளைத்தது மாதிரி தெரியும். அப்போதும் கண்ணாடியைத்தான் துடைப்பேன்.

இரண்டாம் நாள் கண்காட்சி. எத்தனை கல்யாண மண்டபம் சேர்த்தாலும் அவ்வளவு பெரிய இடம் வராது. வாசலிலேயே ஊது என்கிற அகில் புகை வாசனை மூக்கைப் பிடித்தது. வரிசையாகக் கட்டைகளில் ராஜாளிகள் உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் தோல் குல்லாய். நல்ல மரியாதையான பறவைகள். ஒன்றுகூட யாரையும் துரத்தவில்லை. ஒரு சின்னப் பெண் அவள் அப்பாவிடம், "இதுக்கு ஏன் கண்ணைக் கட்டியிருக்கு?" என்று கேட்டாள். "கண்ணு தெரியாட்டி அமைதியா இருக்கும்" என்றார் அவர்.

சைட் விற்கிற கடைகள் உள்ளே ஒரு மூலையில் இருந்தன. நாங்கள் போன கடையில் பெயர் அட்டை மாட்டிய ஒரு பெண் நின்றாள். நிலானி என்று எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணை தமிழோ? நான் யாழ்ப்பாணம். வாங்கோ, வாங்கோ."

பாபாவுக்கு அரபியிலும் எனக்குத் தமிழிலும் மாற்றி மாற்றி விளக்கினாள். மூன்று வகை காட்டினாள். ஒன்று அதே பழைய மணி, கொஞ்சம் பெரிசாக. இன்னொன்று பச்சையும் சிவப்புமாக மினுங்குகிற இரண்டு துண்டு. இரண்டையும் நேராக வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது ரெட் டாட். சின்னக் கண்ணாடிச் சன்னல் மாதிரி இருக்கும், உள்ளே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். தலையைக் கொஞ்சம் தூக்கினாலும் அசைத்தாலும் பரவாயில்லை. புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கேதான் குண்டு போகும். பாபாவின் வியாதிக்குச் சரியான மருந்து.

பொம்மைத் துப்பாக்கி ஒன்றில் அதை மாட்டிக் கொடுத்தாள். தூரத்துச் சுவரில் வான்கோழி படம். பாபா பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. வட்டமா, சுத்தமா" என்றவர் என்னிடம் நீட்டினார். "நீ பாரு. உன் கண்ணு சொன்னாத்தான் சரி."

நான் பார்த்தேன். புள்ளியைக் காணோம். காலால் மிதித்த செம்பருத்தி மாதிரி ஒரு சிவப்பு, வாலோடு.

"இது உடைஞ்சது பாபா."

"உடைஞ்சதா? எனக்கு நல்லாத் தெரிஞ்சதே."

"உங்களுக்கு ஆபரேஷன் கண்ணு. நான் சொல்றேன், உடைஞ்சது."

நிலானி இன்னொன்று கொடுத்தாள். அதில் திராட்சைக் கொத்து. அதுவும் உடைந்தது என்றேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளதிலேயே உசத்தியானதை எடுத்தாள். அதிலும் அதே வால். "எம்மா, ஒரே கடையில இத்தனை உடைஞ்ச சாமானா வச்சிருக்கிய?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அண்ணை, உங்கட போனை எடுங்கோ. சைட்டுக்குள்ளால அந்தப் புள்ளிய ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கோ."

எடுத்தேன். போட்டோவில் புள்ளி பொட்டு வைத்த மாதிரி வட்டமாக இருந்தது.

"இப்ப சைட்டைச் சுத்துங்கோ. அந்த வாலும் சேர்ந்து சுத்துதோ?"

சுற்றினேன். வால் அப்படியே நின்றது. பிறகு என் தலையைச் சாய்க்கச் சொன்னாள். வால் என் தலையோடு சாய்ந்தது.

"சைட்டில பிழையில்லை அண்ணை. பிழை உங்கட கண்ணில. பயப்பிடாதேங்கோ, கன பேருக்கு இருக்கு. வாகனம் ஓடுறனீங்களோ?"

அவள் பேசியது தமிழ். பாபாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அங்கே நடந்தது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"என்ன சொல்றா?" என்று பாபா கேட்டார்.

"பழைய ஸ்டாக்காம் பாபா. எல்லாமே சரியில்லையாம்" என்றேன்.

நிலானிக்கு அந்த அளவு அரபி நன்றாகவே தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு சைட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். பாபா பொம்மைத் துப்பாக்கியைத் தடவிவிட்டு மெதுவாக மேசையில் வைத்தார். "கலாஸ், முடிஞ்சது. மணியே போதும். ராய் இந்த வருஷமும் கொக்கரிக்கட்டும்" என்று நடந்தார். வெளியே ஒட்டகப்பால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நல்ல ருசி என்று பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஹோட்டலுக்குத் திரும்பும்போது சூரியன் இறங்கிவிட்டது. பாபா பக்கத்து சீட்டில் தூங்கிப் போனார். ரோடு முழுக்கச் சிவப்பு லைட்டும் வெள்ளை லைட்டும், எல்லாவற்றுக்கும் மீசை. முன்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் பரந்து கிடந்தது, தூரத்து லாரி என்று நினைத்தேன். அது பக்கத்திலேயே போன டெலிவரி பைக். பிரேக்கை மிதித்த மிதியில் டயர் கத்தியது. பைக்காரன் வண்டியை ஓரங்கட்டி வந்து பானட்டில் ஓங்கித் தட்டினான். "பாய், கண்ணு தெரியலையா உனக்கு?" என்று ஹிந்தியில் கேட்டான். வயது நம் ஜெனிஷாவைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும்.

பாபா விழித்துக்கொண்டார். "என்ன?"

"பைக் குறுக்கே வந்துட்டான் பாபா."

அன்றைக்கு அது இரண்டாவது பொய். ஹோட்டலுக்கு எதிரில் மலையாளிக் கடையில் மத்தி வறுவலும் மட்டை அரிசிச் சோறும் வைத்தார்கள். பாதியில் எழுந்துவிட்டேன். சப்ளையர், "என்ன சேட்டா, மீனு கொள்ளில்லே?" என்று கேட்டார். மீன் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை. பாபா ஹோட்டல் சாப்பாட்டு அறையில் பருப்பு மாதிரி வேகவைத்த பயறும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போகலாம். சொல்லாமல் இருந்தால் சாயங்காலம் இன்னொரு பைக். நான் உட்காரவில்லை.

"பாபா, நேத்து அந்தப் பொண்ணு பழைய ஸ்டாக்னு சொல்லலை. சைட் எல்லாம் நல்ல சைட். என் கண்ணுதான் கோளாறு. பைக்காரன்மேலயும் தப்பில்லை."

அவர் ரொட்டியை வைத்தார். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். தூசின்னு நினைச்சேன்."

"நேத்து தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்ச பிறகும் என்னைத் தூங்கவெச்சுக்கிட்டு ஓட்டினே."

"ஆமா பாபா."

பாபா தட்டைத் தள்ளி வைத்தார். சாயா ஆறிப் போனது. பிறகு கையை நீட்டினார். "சாவி."

கொடுத்துவிட்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் எழுந்து, "வா, உட்காரு வண்டியில" என்றார்.

பதினொரு வருடத்தில் நான் முதல் தடவையாக, ஸ்டியரிங் இல்லாத வலது பக்கம் உட்கார்ந்து போனேன். பாபா ஓட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இண்டிகேட்டர் என்று ஒன்று இருப்பதை அவர் மறந்தே போயிருந்தார். இரண்டு ரவுண்டானாவில் ஜெபமாலையைத் தேடினேன். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில், நடைபாதையில் பாதி டயரை ஏற்றி நிறுத்தினார்.

கண் பரிசோதித்தவர் ஒரு மலையாளி அம்மா. கடிகாரம் மாதிரி சுற்றிலும் கோடு போட்ட வட்டத்தைக் காட்டி, எந்தக் கோடு கறுப்பாகத் தெரிகிறது என்றார். நிற்கிற கோடுகள் கறுப்பு, படுத்த கோடுகள் சாம்பல் என்றேன். எல்லாக் கோடும் ஒரே கறுப்புதான் என்றார். "கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி இருக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் முட்டை மாதிரி. நோயொண்ணும் இல்லை, கண்ணாடி போட்டா மதி, போதும்."

பாபா இடையில் புகுந்தார். "லைசென்ஸ்?"

"கண்ணாடியோட பரிசோதனைக்குப் போகலாம். கண்ணாடி இல்லாம இனி இவர் வண்டியைத் தொடக்கூடாது."

பாபா தலையாட்டினார். வேலை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

நடுவில் மறுபடி கண்காட்சி. நிலானி எங்களைப் பார்த்ததும், "நீங்கள் வருவியள் எண்டு நினைச்சனான் அண்ணை" என்றாள். பாபா சைட்டைப் பிடித்துப் பார்த்தார். வான்கோழிப் படத்தின் தலையில் புள்ளியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"வட்டம்" என்றார். "நேத்தும் வட்டமாத்தான் இருந்தது. நீ உடைஞ்சதுன்னு சொன்னே. நான் என் கண்ணைத்தான் ஏசிக்கிட்டேன்."

நிலானி பெரிய புள்ளி, சின்னப் புள்ளி என்று இரண்டு காட்டினாள். பெரிய புள்ளி வேகமாகக் கண்ணில் படும், ஆனால் முப்பது கெஜத்தில் வான்கோழித் தலையை மறைத்துவிடும். பாபா யாரையும் கேட்கவில்லை. சின்னப் புள்ளி உள்ளதை அவரே எடுத்தார். தாளெல்லாம் சரிபார்த்து நேராக ராயின் விலாசத்துக்கே அனுப்புவதாகக் கடைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றேன். எதிர் மாடியில் துணி காயப்போட்டிருந்தார்கள், ஒவ்வொரு கிளிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. லைட்டுகள் மீசையை வழித்துவிட்டு நின்றன. பாபா சாவியைத் தரவில்லை.

நான்காம் நாள் திரும்பும் பயணம். அவர்தான் ஓட்டினார். எனக்கு ஒரே வேலை.

"அந்த போர்டை வாசி."

வாசித்தேன். அரபியில் தெரிந்ததை அரபியில், தெரியாததை இங்கிலீஷில். இன்னும் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அடுத்த போர்டு. "அதை வாசி." பெட்ரோல் பங்கு, மசூதி, வேகக் கட்டுப்பாடு, ஒட்டகம் குறுக்கே வரும், காற்று பலமாக அடிக்கும். பிரின்ஸ், நீ இரண்டாம் வகுப்பில் வாசித்ததைவிட அதிகமாக அப்பா அன்றைக்கு ஒரே நாளில் வாசித்தேன். பார்டரில் ஆபீசர் என் விசாவைப் பார்த்துவிட்டு, "இவன்தானே டிரைவர்?" என்று கேட்டார். "கேள்வி கேக்காம முத்திரை குத்து" என்றார் பாபா.

சவூதிக்குள் வந்து ஒன்றரை மணி நேரத்தில் சாலிஹ் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் பாபாவே விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். எக்ஸிட், செம்பருத்தி, பைக், எல்லாம். எனக்குச் சீட்டுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

"நான்தான் சொன்னேனே பாபா. ஆள் பார்க்கட்டுமா?" என்றார் சாலிஹ்.

பாபா முன்னால் பார்த்தபடி, "அங்கே என்ன எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"தம்மாம். இருநூத்தி நாப்பது கிலோமீட்டர்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். போர்டு நெருங்கி வரும்வரை காத்திருந்தார். பிறகு போனைப் பார்த்துப் பேசினார்.

"எனக்குத் தெரியாம மூடி வெச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வந்து நின்னு சொன்னான். அடுத்த மாசம் கண்ணாடியோட டெஸ்டுக்குப் போகட்டும். பாஸ் ஆனா பேச்சே இல்லை. ஃபெயில் ஆனா அப்போ பேசலாம்."

போனை வைத்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார், இண்டிகேட்டர் போடாமல்தான். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"யல்லா, ஓட்டு. எனக்கு முட்டி வலிக்குது."

நான் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன், இண்டிகேட்டர் போட்டேன். பத்து கிலோமீட்டர் வரை பாபா ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சீட்டைப் பின்னால் சாய்த்தார். கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் குறட்டை வந்தது.